பூங்கார்க் கரை போட்ட வயல்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தோளில் சாய்ந்து தூங்கி, அவருடைய வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் வடித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போனவன் திருப்புட்குழியில் ஏன் இறங்கினான் என்று கேட்பீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

மார்கழிக் கடைசி. மைத்துனி மகளுக்குத் தையில் கல்யாணம். பாரிமுனையில் காலை நாலரை மணிக்கு வேலூர் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் நாற்பத்தைந்து மைல். டிக்கெட் ஒரு ரூபாய் தொண்ணூறு காசு. பூந்தமல்லி வரை விழித்திருந்ததாக ஞாபகம். அப்புறம் கண் திறந்தால் மணி ஏழு. ஜன்னலுக்கு வெளியே ஊருமில்லை, மரமுமில்லை, வெறும் பனி.

“காஞ்சிபுரம் வந்துடுச்சா?” என்றேன்.

“வந்துட்டுப் போயி அரமணி ஆவுது சார்” என்றார் தோளுக்குச் சொந்தக்காரர். “கொழந்த மாதிரி தூங்கிக்கினு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல.”

திருப்புட்குழியில் கோயில் கோபுரம் பாதிக்கு மேல் பனியில் கரைந்திருந்தது. அடியில் ஒரே ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரர் காதர் பாய், காஞ்சிபுரம் எட்டு மைலுக்கு இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசி நாலணா குறைத்தேன். அதற்குப் பழிவாங்குவது போல, “முசரவாக்கம் வழியா போறேன் சார். கூட்டுப் பண்ணையில நெல்லு ஏத்தணும்” என்றார்.

வழியெல்லாம் பண்ணை வம்புதான். நானும் வம்பு என்றால் காதைத் தீட்டிக்கொள்பவன். எட்டுக் குடும்பங்கள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுகிறார்கள். நிலமே இல்லாத பெண்களுக்கு அதில் வேலை. கூலி நெல்லாகவே கிடைக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, தறி வேலையும் மந்தம். அதனால் டவுனிலிருந்து நெசவாளர்களும் அறுப்புக்கு வந்து, வீட்டுச் சோற்றுக்கு நெல் கொண்டுபோகிறார்கள். ரேஷன் அரிசி வாரக் கடைசி வரை எட்டாத காலமல்லவா!

“ஆனா இன்னிக்கு அந்தப் பண்ணைக்கே கண்டம் சார்” என்றார் பாய். “கெணறு இருக்கிறது எட்டுல ஒருத்தரான கோவிந்தசாமி துண்டுல. ஓரத்து நெல்லு இப்ப பழுத்துடுச்சு, நடுவு நெல்லுக்கு இன்னும் மூணு வாரம் ஆவும். ரெண்டு தபா அறுப்பு, ரெண்டு தபா கூலின்னு அவரு குதிக்கிறாரு. ஓரத்து நெல்லு சேத்துல கொட்டிச்சின்னா என் துண்டப் பிரிச்சிக்கிறேன்ட்டாரு. கெணறு போச்சின்னா பண்ணை எங்க?”

முசரவாக்கத்தில் வண்டி நின்றபோது பனி மெல்ல விலகியது. கீழே ஒரு புடவையை விரித்து வைத்திருந்தார்கள். அப்படித்தான் தோன்றியது. நடுவில் இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடிய சம்பா. சுற்றிலும் நாலு பக்கமும் ஆள் நீள அகலத்துக்கு, அரக்குச் சிவப்பில் பழுத்த பூங்கார் நெல். பனித்துளிகளில் வெயில் பட்டதும் கரை முழுக்கச் சரிகை மின்னியது. புடவைக் கடை வாசலிலேயே மூச்சு வாங்குகிற நான், இங்கே மூச்சு விட மறந்து நின்றேன். நெசவூர்க்காரர்களுக்கு வயலில்கூடக் கரை வேண்டியிருக்கிறது பாருங்கள்!

வரப்பில் கோவிந்தசாமி, மடக்கிய குடையோடு. சேற்றில் எல்லம்மா, அறுப்புப் பெண்களின் தலைவி. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது.

“இன்னா எல்லம்மா, வயலுக்கு சிங்காரம் பண்ணா சோறு வந்துடுமா?”

“வரும் மாமா. நீ கெணத்த இடுப்புல கட்டிக்கினு ஓடாம இருந்தா போதும்.”

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து நெய்யும் புடவைக்குக் கோர்வை என்று பெயர். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். அறுப்பையும் அப்படியே செய்தார்கள். சம்பாவுக்கும் பூங்காருக்கும் நடுவே, தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டும் கயிறு இழுக்கப்பட்டது. ஒரு பெண் சம்பாவை மூங்கிலால் உள்ளே ஒதுக்கிப் பிடிக்க, ஒரு நெசவாளர் பூங்காரைக் கதிர் அதிராமல் அறுத்தார். கயிற்றின் ஒரு முனையைச் சுப்பராயுலு என்ற நெசவாளர் என் கையில் கொடுத்து, “கொஞ்சம் பிடிங்க சார், ஒண்ணும் கஷ்டம் இல்ல” என்றார்.

கஷ்டம் இல்லைதான். அரிவாள்கள் சரக் சரக்கென்றன. கொக்குகள் சத்தமில்லாமல் இறங்கின. ஈர வைக்கோல் வாசனையில், வயலே என்னைத் தூளியில் போட்டு ஆட்டியது. கயிறு தளர்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, சம்பாவுக்குள் மல்லாக்கக் கிடந்த என் முகத்துக்கு மேலே நீல வானம்.

கோவிந்தசாமி குடையை ஊன்றி இறங்கி வந்தார். எல்லம்மா அரிவாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் என்னைத் தாண்டிப் போய், அறுத்து முடித்த கரையில் குந்தி, தாளை விலக்கிச் சேற்றை விரலால் துழாவினார். வெகுநேரம் துழாவி, நாலைந்து மணிகளைப் பொறுக்கிக் காட்டினார்.

“இது குருவிங்களோட பங்கு மாமா” என்றாள் எல்லம்மா.

அவர் மணிகளை வாயில் போட்டு மென்றார். பிறகு என்னைப் பார்த்தார். “ஓரத்துல ஒண்ணும் சேதமில்ல. இந்த மெட்ராஸ் ஆளுதான் முந்தானையில பொரண்டுட்டாரு!” என்று சிரித்தார். வயலே சிரித்தது. “கெணறு எங்க போவுது? அங்கியே இருக்கட்டும். மீதியையும் அறுங்கமா.”

சேறும் சட்டையுமாக நெல்மூட்டைகள் மேல் உட்கார்ந்து காஞ்சிபுரம் சேர்ந்தேன். மனைவி சொன்னது கடுகு நிறம். எடுத்தது இளம்பச்சை உடல், அரக்குக் கரை. அதற்கான விளக்கத்தை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு வயல் அப்படி உடுத்தி நிற்பதைக் கண்டவன் கடுகு நிறத்தை எப்படிக் கேட்பான்?

போகிறவர்களுக்கு: மார்கழிக் கடைசி வாரமே சரி. எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். பனி விலகும் நேரம் கால்மணிதான். வேட்டி நல்லது, மடித்துக் கட்டலாம். பாயிடம் பேரம் பேசாதீர்கள். வேலை கொடுத்தால் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேளுங்கள்.

கிளம்பும்போது எல்லம்மாவிடம், கரை போட வேண்டும் என்று முதலில் தோன்றியது யாருக்கு என்று கேட்டேன்.

“யாருக்குத் தோணும் சார்? ஓரத்துக்கு நாத்து பத்தல. பக்கத்து ஊரு கூரத்துல மீந்துபோன பூங்கார் நாத்து கெடைச்சுது, நட்டோம். அடுத்த வருசத்துக்கு நாத்து நெறயவே உடுறோம், எல்லாம் சம்பாதான்.”