கமர் நிஷாவின் கிழங்குச் சுருள்

பன்னிரண்டு வயதில் வந்த டைபாய்டை வென்றாள். சவூதியில் தமாமுக்குப் போன கணவன் நாலாம் வருஷத்தோடு போன் எடுப்பதை நிறுத்தியபோது, அந்த மௌனத்தையும் வென்றாள். ஒற்றை ஆளாக மகளுக்கு நிக்காஹ் முடித்து ஷார்ஜாவுக்கு அனுப்பிவைத்தாள். கடைசியாக, தான் உண்டாக்கிய தின்பண்டத்தை ஹாஜாவிடமிருந்து மீட்டாள். மேலப்பாளையம் கமர் நிஷா பள்ளிக்கூடத்தில் இருந்தது மொத்தம் ஏழு மாதம்.

மகள் போன பிறகு வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. ஒருத்திக்கு எதற்குக் குழம்பு என்று, ஒரு சாயங்காலம் அவித்த உருளைக்கிழங்கை மிளகும் பூண்டும் சேர்த்துப் பிசைந்தாள். சமோசாவுக்குப் போல மெல்லிசாகத் தேய்த்த மாவில் அதை வைத்துச் சுருட்டினாள். முப்பது வருஷம் பீடி சுற்றிய கை. ஒட்டுவதற்குப் பசை தேடவில்லை. பீடியின் வாயை மடக்குவதுபோல் முனையை உள்ளே மடக்கித் தள்ளினாள். எண்ணெயில் ஒன்றுகூடப் பிரியவில்லை. மறுவாரம் வாசலில் அடுப்பு வைத்தாள்.

முக்குக் கடை ஹாஜா தினமும் வாங்கிப்போய் விற்றான். ஒருநாள் ஒரு தாளை நீட்டினான். பீடிக் கம்பெனி நோட்டில் வாராவாரம் கேள்வி கேட்காமல் பெருவிரல் வைத்துப் பழகியவள், இதிலும் வைத்தாள். சுருள் ஹாஜாவின் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது, அவளுக்கு அதில் பாத்தியமில்லை என்று தாளில் எழுதியிருந்தது. வாசல் அடுப்பை எடுக்கச் சொல்லி அவன் வந்து நின்றபோதுதான் அது அவளுக்குத் தெரிந்தது.

அடுப்பில்லாத சாயங்காலங்களில் ரேஷன் கார்டை எதிரில் வைத்துத் தன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நன்றாக வந்த நாளில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கணவனின் நம்பருக்கு அடித்தாள். மணி முழுவதும் அடித்து நின்றது.

பிறகு தெருப் பெரியவர்களிடம் முறையிட்டாள். ஹாஜா தாளைக் காட்டினான். அவள் கேட்டது ஒன்றுதான்: இரண்டு பேரும் இங்கேயே பத்துப் பத்து சுருட்டிப் பொரிக்க வேண்டும். பசை தொட்டு ஒட்டிய ஹாஜாவின் சுருள்களில் ஆறு எண்ணெயில் வாய் பிளந்தன. அவளுடைய பத்தும் மடித்தது மடித்தபடியே வந்தன.

"ஒன் வாப்பா கொழும்புல பீடியா சுத்துனாக, ஹாஜா?" என்றாள்.

ஒரு பெரியவர் அவள் சுருளின் முனையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய உம்மாவும் பீடி சுற்றியவர்.

"இது நம்ம தெரு மடிப்புல்லா. இதுக்கு எதுக்குலே கொழும்புக்குப் போற?"

பழைய தாளைக் கிழித்து, சுருள் கமர் நிஷாவுடையது என்று புதிதாக எழுதினார்கள். ஹாஜா கையெழுத்துப் போட்டான். அவள் பக்கம் மைப்பெட்டியைத் தள்ளினார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள். மகள் ஷார்ஜாவில், கூடப்பிறந்த அக்கா, லாத்தா, ராதாபுரத்தில். அவளைச் சேர்ந்தவர் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருமில்லை. பைய, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

கமர் நிஷா முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 2022 நவம்பர் 9, புதன்கிழமை.