கேட்பதற்கு முன்பே எழுதிய முடிவு

கருத்தரங்குகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். தற்காலிக வேலை. ஒவ்வொரு ஜூனிலும் அதைப் புதுப்பிக்கும்போது, பாடம் எப்படி நடத்தினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை கட்டுரை வாசித்தாய் என்றுதான் கேட்பார்கள். அதனால் எங்கே கருத்தரங்கு என்றாலும் ஓடுவேன்.

அந்த முறை தலைப்பு சுற்றுச்சூழல், பண்பாடு, சுற்றுலா. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். இருநூற்றைம்பது சொற்கள், ஐந்து திறவுச்சொற்கள், மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். கடைசித் தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள். அப்படியும் நான் எழுதியது கடைசி நாளில்தான், பாகூர் பஸ்ஸில் உட்கார்ந்து, செல்போனில்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடைபாதை போட்டு, இரும்பு வேலி அடித்து, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் வைக்கப் போவதாக ஒரு பேச்சு இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். நோக்கம் எழுதினேன், ஆய்வுமுறை எழுதினேன். அடுத்து ‘முடிவுகள்’ வந்தது. அதுவரை நான் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. எங்கள் தொழிலில் முடிவை முதலில் எழுதி அனுப்புவோம். ஏற்றுக்கொண்டால்தான் ஆய்வுக்கே கிளம்புவோம். எல்லோரும் செய்கிற காரியம் அது. ‘உள்ளூர் மக்கள், குறிப்பாகப் பெண்கள், இத்திட்டத்தை முழுமனதுடன் வரவேற்கின்றனர்’ என்று கூச்சமில்லாமல் எழுதினேன். ‘குறிப்பாகப் பெண்கள்’ என்று போட்டால் எடுப்பார்கள் என்பது அனுபவம்.

எடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டோடு ஏரிக்கரைக்குப் போனேன். எங்கள் பின்வீட்டு அக்கா அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்துவிட்டார். இரண்டு மாடுகளை வைத்துத்தான் பிழைப்பு. பால் ஊற்றியே மகளை நர்ஸிங் படிக்க வைக்கிறாள். நடைபாதை, வேலி, டிக்கெட் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

“வேலி போட்டுட்டா நான் புல்லுக்கு எங்கம்மா போவேன்?” என்றாள். “டிக்கெட்டு வாங்கிக்கினா உள்ள வர முடியும்? இல்ல, மாட்டுக்கு உன் பேப்பரப் புடுங்கிப் போடவா? வோணாம்னு எழுது. பொம்பளைங்க யாரும் ஒத்துக்கலன்னு எழுது. நாங்க கத்துனா எவன் கேக்குறான்? நீ எழுதனா படிச்சவங்க கேப்பாங்க.”

கரையில் இன்னும் நாலு பெண்களைக் கேட்டேன். பதில் மாறவில்லை. ஒருத்தி மட்டும் கூடவே இரண்டு கெட்ட வார்த்தைகளும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் கருத்தரங்கு நடத்துகிறவரைப் போனில் பிடித்து, என் முடிவை மாற்ற வேண்டும் என்றேன். மரியாதையான மனிதர். “தொகுப்பு அச்சுக்குப் போயிடுச்சு மேடம். மாத்தணும்னா அடுத்த வருஷம் புதுசா அனுப்புங்க. இல்லன்னா இருக்கறதையே படிச்சிடுங்களேன், யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்றார்.

அடுத்த வருஷம் வரை என் வேலை காத்திருக்காது. என் மேலேயே எரிச்சலாக இருந்தது. இருந்தும் அச்சில் இருந்ததையே ஏழு நிமிடத்தில் வாசித்து முடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் கண் அசந்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் மட்டும், பெண்கள் வரவேற்பது மிகவும் மகிழ்ச்சி என்றார். சான்றிதழ் கொடுத்தார்கள். ஜூனில் வேலையும் புதுப்பிக்கப்பட்டது.

கருத்தரங்கு முடிந்த வாரமே அக்கா தெருமுனையில் என்னை நிறுத்தியிருந்தாள். “நான் சொன்னத எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேங்க்கா.”

யோசிக்கக்கூட இல்லை, தானாக வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளை நாளை என்று நாலு மாதம் போனது.

வேலி இன்றுவரை வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கோப்பு ஏதாவது மேசையில் கிடக்கலாம். ஆனால் அக்கா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். போன மாதம் அவள் மாடு கன்று ஈன்றது. சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“நீ எழுதனதாலதான் கர இன்னும் நம்மகிட்ட இருக்குது. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். இந்தா, புடி.”

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டேன். ருசி பார்த்துச் சொல்லு என்று அவள் அங்கேயே நின்றாள். அவள் எதிரிலேயே ஒரு வாய் எடுத்துப் போட்டேன். “நல்லா இருக்குங்க்கா” என்றேன்.