இடப்பக்க முறுக்கு

லெஃப்டு என்று கூப்பிட்டால்தான் அந்த டெலிபோன் லைன்மேன் திரும்பிப் பார்ப்பார். இடது கைக்காரர். "நம்ம சங்கத்துலயே அசல் லெஃப்டு நீ ஒருத்தன்தாண்டா" என்று கேலி செய்வார் சங்கச் செயலாளர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே கம்பத்தில் தொழில் கற்றவர்கள். 'டா' போடாமல் ஒரு வாக்கியம் பேசிக்கொண்டதில்லை.

சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியபோது தெரு சும்மாதான் இருந்தது. மழை பிடித்து, ஒவ்வொரு வீட்டுப் போனாக ஊமையானதும் வாய்கள் திறந்துகொண்டன. கைப்பேசி வராத காலம் அது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மளிகைக்கடைக்காரர் சாமானை லெஃப்டின் கையில் கொடுக்காமல் மேசையில் விட்டெறிந்தார். "கம்பத்துல ஏறி இறங்குறதுக்கு இந்தச் சம்பளம் போதாதாமா? நாங்கல்லாம் யார்கிட்ட போய்க் கொடி பிடிக்கிறது?" முடிதிருத்துபவர் பாதித் தலையில் கத்தரியை நிறுத்தி, "மீதிய உங்க ஸ்டிரைக் முடிஞ்சதும் வெட்டிக்கலாமா?" என்றார். கடையே சிரித்தது. இவரும் சிரித்து வைத்தார். பின்னே, பாதி முடியோடு எழுந்து வர முடியுமா?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும் ஏசவில்லை. வினையே அங்கேதான் வந்தது. அவள் மகள் வெளியூரில் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்த அழுத்தம் ஏறி, தாயா பிள்ளையா என்கிற நிலை.

"அண்ணே, எங்க வீட்டுப் போன மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ஒரு தடவ அவ குரலக் கேட்டுட்டாப் போதும். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஸ்டிரைக்கும்மா. இப்ப நான் கை வெச்சா துரோகம்."

"அப்ப சரிண்ணே" என்று அழாமல் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உள்ளே வந்தால் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க சங்கமா வந்து பிரசவம் பாக்கப் போகுது?" இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார் மனுஷன்.

மத்தியானம், கொட்டுகிற மழையில் தெரு கதவடைத்துக் கிடந்தபோது, முனையிலிருந்த கேபிள் பெட்டியைத் திறந்தார். தையல்காரம்மாவின் ஒரு ஜோடிக் கம்பியைத் தொட்டுவிட்டு மூடியிருந்தால் பிழைத்திருப்பார். பாவி, பக்கத்துக் கம்பிகளும் ஈரத்தில் களிம்பேறிப் பச்சை பூத்து நிற்பதைப் பார்த்தார். கை சும்மா இருக்குமா? வெட்டினார், சுரண்டினார், முறுக்கினார். தாம் செய்கிற காரியம் அவருக்கு உறைத்தபோது தெரு மொத்தத்துக்கும் உயிர் வந்திருந்தது.

தையல்காரம்மாவுக்குச் சேதி கிடைத்தது. தாயும் சேயும் நலம். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு மணியடிக்கிறதே, அதன் வாயை யார் கட்டுவது? 'ஊழியர்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள்' என்று மறுநாளே நிர்வாகம் பத்திரிகையில் போட்டது. பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்திருந்த அதிகாரிகள் விறைத்துக்கொண்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

செயலாளர் வந்து கேபிள் பெட்டியைத் திறந்தார். மற்ற யார் முறுக்கினாலும் கம்பி வலப்பக்கம்தான் ஓடும். இதில் அத்தனையும் இடப்பக்கம். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பிள்ள நல்லபடியாப் பொறந்துச்சுடா" என்று லெஃப்டு பின்னாலேயே ஓடினார். செயலாளர் நிற்கவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒரு காசு ஏறாமல் வேலைநிறுத்தம் முடிந்தது. குடும்பம் குட்டி உள்ளவர்கள், எத்தனை நாள்தான் தாங்குவார்கள்? திரும்ப வேலைக்கு வந்த அன்று, இவர்கள் இருவரையும் வழக்கம்போல அதே தெருவுக்கு ஒன்றாக அனுப்பினார்கள். மளிகைக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து லெஃப்டின் தோளைத் தட்டினார்.

"மனுஷன்னா இவருதான்யா! மத்தவனுங்கல்லாம் ஓசிச் சம்பளக்காரனுங்க. இவர மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்."

செயலாளர் காதில் விழும்படியே சொன்னார். லெஃப்டுக்கு உடம்பு கூசியது. அந்தப் பாராட்டுக்கு அவர் செருப்படியே வாங்கியிருக்கலாம். ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, "பிடிச்சுக்கோடா" என்றார்.

செயலாளர் வந்து ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொழிலில் அவர் குறை வைப்பவர் அல்ல. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிடிச்சிருக்கேன். நீங்க ஏறுங்க சார்."