இரண்டாவது படிக்கட்டு

என் கணவர் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பாதுகாப்பு அதிகாரி. விடுப்பில் வந்தால், தி.நகரில் எந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் இரண்டாவது படிக்கட்டைத்தான் தேடுவார். மூட்டை அடுக்கி அதை மறைத்திருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புடவை எடுக்க வந்தோமா, சோதனை போட வந்தோமா?

போன வருஷம் அந்த மேடையில் தீப்பிடித்தது. எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அவரோடு வேலை பார்க்கும் சிந்தாதிரிப்பேட்டைக்காரர் ஒருவர் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“தப்பிக்கிறதுக்கு ரெண்டு படகு தொங்கும் அண்ணி. மொத படகு கொக்கி சிக்கிக்கினு எறங்கவே இல்ல. ஒரே பொகை, கண்ணு தெரியல. ஆனா அண்ணன் வாரா வாரம் எங்க கண்ணைக் கட்டி ரெண்டாவது படகுக்கு நடக்க வுடுவாரு. திட்டிக்கினேதான் நடப்போம். அன்னிக்கு காலே இட்டுக்கினு போச்சு.”

இவரோ பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

இந்தத் தீபாவளிக்கு நான் தனியாகத்தான் கடைக்குப் போனேன். “பட்டு பாக்குறீங்களா, காட்டனாம்மா?” என்றார் விற்பனையாளர்.

“புடவை இருக்கட்டும். படிக்கட்டை மறைச்சு மூட்டை அடுக்கியிருக்கீங்களே, முதல்ல உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க” என்றேன்.