சொட்டு நிக்குதா, ஊறுதா?

மரத்தரை பாலிஷ் போடுகிற தொழிலில் முழங்கால் வலியைக்கூடப் பொறுத்துக்கலாம், வீட்டுக்காரங்க கேக்கிற ஒரே ஒரு கேள்விதான் உசுரை வாங்கும்: "இப்பவே போடணுமா, இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா?" உங்களில் பல்செட் கட்டுறவங்க, டிவி ரிப்பேர் பாக்கிறவங்க, மோட்டார் காயில் சுத்துறவங்க இருந்தா உங்களுக்கே தெரியும். 'போடணும்'னு சொன்னா வேலைக்கு அலையிறான்னு நினைப்பாங்க. 'வேண்டாம்'னு சொன்னா இவனுக்குத் தொழிலே தெரியலைன்னு நினைப்பாங்க.

எங்க விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் மரத்தரை போட்ட வீட்டை விரல் விட்டு எண்ணிரலாம். மத்த நாளெல்லாம் கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை என்று தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். தரைக்கு என்கிட்ட இருக்கிறது ஒரே பரீட்சை. ஒரு சொட்டுத் தண்ணி விடுவேன். சொட்டு உருண்டையா நின்னா பாலிஷ் உசுரோட இருக்கு, தொடைச்சிட்டுப் போயிரலாம். மெதுவா இறங்கினா மேலே ஒரு பூச்சு போதும். விட்டதும் ஊறிக் கறுத்துட்டா, பழசைத் தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். பாடம் அம்புட்டுதான். இதை வச்சுக்கிட்டே நான் குழம்பின கதையைக் கேளுங்க.

நாலு பலகைக்கு ஒரு கண்

சூலக்கரைப் பக்கம் புது வீடு கட்டியிருந்த ஒரு அச்சாபீஸ் முதலாளி கூப்பிட்டு விட்டார். காலண்டர் அடிக்கிறவர். மேஜைக்கு அடியில் நாற்காலி இழுத்து இழுத்து தரை வெளுத்துக் கிடந்தது. சொட்டு விட்டேன். நின்னது. அஞ்சு நிமிசம் ஆச்சு, அப்பவும் நின்னது. வெளுத்த இடத்திலேயே விட்டேன், அங்கேயும் கொஞ்ச நேரம் நின்னது! இத்தனை வருசத்தில் இப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்னு பார்த்தேன், குனிஞ்சு பார்த்தேன், கடைசியில் படுத்தே பார்த்துட்டேன். ஒரு பலகையில் ஆட்டுக்கண் மாதிரி ஒரு கணு. நாலு பலகை தள்ளி அதே கணு. இன்னும் நாலு தள்ளி, அதே கணு, அதே சாய்வில்.

"அண்ணாச்சி, இது மரமில்லை. மரத்தைப் போட்டோ பிடிச்சு அட்டையில் ஒட்டியிருக்காக. தேய்ச்சா படம் போயிரும்" என்றேன். மனுசன் நம்பலை. சட்டைப்பையில் இருந்து, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பிசகாம விழுந்திருக்கான்னு, அவங்க பாஷையில 'ரிஜிஸ்டர்', பாக்கிற குட்டி லென்ஸை எடுத்தார். முழங்கால் போட்டு உக்காந்து தரையைப் பார்த்தார். புள்ளி புள்ளியாத் தெரிஞ்சிருக்கும்போல. ஏமாத்தின கடைக்காரனை இப்போ வையப் போறார்னு காத்திருந்தேன். அவர் லென்ஸை எடுக்காமலே சொன்னார்: "எலே, ரிஜிஸ்டர் எம்புட்டு அழகா சேந்திருக்கு பாருய்யா!"

ஈரக் காத்து

வேலை இல்லைன்னு உண்மையைச் சொல்லிட்டு வந்ததில் எனக்கு ஒரு நல்ல பேர். அந்த அண்ணாச்சியோட தங்கச்சி விருதுநகரில், பருப்பு மண்டி வச்சிருக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவங்க. "எங்க அண்ணன்கிட்ட மறைக்காமச் சொன்னீகளாம்ல. அதே மாதிரி எனக்கும் சொல்லணும்" என்று மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அசல் தேக்குப் பலகை. ஆனால் அறை முழுக்க அங்கங்கே கறுத்து, சிலாம்பு கிளம்பி, காலில் குத்துற மாதிரி இருந்தது. சொட்டு விட்டேன். வாய் வச்சு உறிஞ்சினதுபோல உள்ளே போயிருச்சு.

தேய்க்க வேண்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கதவோரம் வட்டமா ஒரு கறை. வாளி வச்ச தடம். வாளியில் இருந்து தண்ணி ஓடின வழிகூடத் தெரிஞ்சது. தினமும் யாரோ இந்தத் தரையைக் கழுவுறாங்க. நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு வேலை பாக்கிற செல்லத்தாய் கதவுக்குப் பின்னால் நின்னு, வேண்டாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். "தண்ணி படக் கூடாதுன்னு அம்புட்டு சொல்லியிருக்கேன். யாரு ஊத்துனான்னு தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவேன். சொல்லுங்க, ஏன் கறுத்துச்சு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ஈரக் காத்தும்மா."

அவங்க என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. "விருதுநகர்லயா? நமக்குக் குடிக்கவே தண்ணி விட்டு விட்டுத்தான் வருது, காத்துக்கு மட்டும் எங்கன இருந்துய்யா கெடைக்குது?"

செல்லத்தாய் சொன்ன கணக்கு

சரி, தேய்க்கலாம் என்று முடிவாச்சு. கீழே அடுப்படியில் காப்பி கொடுக்கும்போது செல்லத்தாயைப் பிடிச்சேன். "ஏன் தாயி, தேக்குத் தரையில தண்ணி ஊத்தலாமா? நான் புதுசாப் போட்டுட்டுப் போவேன், நீ மறுபடியும் ஊத்துவே. மூணு மாசத்தில் என் பேருதான் கெடும்" என்றேன்.

அவளுக்கு ஊர் அச்சங்குளம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பட்டாசு ஆலையில் வேலை. வெடிமருந்துத் தூசி நெஞ்சில் சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி அங்கேதான் போகணும். அது அவளுக்கும் தெரியும். ஆலையில் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ரூமைத் தண்ணி விட்டுக் கழுவி, சிந்தின மருந்தையெல்லாம் வெளியேத்திட்டுத்தான் கிளம்பணும். இல்லாட்டி மறுநாள் காலையில் யாரோட காலாவது அதில் உரசும். ஒருநாள் பக்கத்து ரூமில் கழுவாமப் போனாங்களாம். மறுநாள் காலையில் அந்த ரூமே இல்லையாம்.

"இங்கன மருந்தே இல்லையே, தாயி?" என்றேன். அவள் டம்ளரைக் கழுவிக்கிட்டே சொன்னாள்: "தெரியும்ணே. எனக்குத் தெரியுது, என் காலுக்குத் தெரியலையே. கழுவாம வாசலைத் தாண்ட மாட்டேங்குது."

நாலு மணிக்கு ஒரு வாளி

தேய்க்கிறதுக்கு முன்னாடி ஆணித் தலையையெல்லாம் உள்ளே அடிச்சு இறக்கணும். ஒண்ணொண்ணாத் தடவி இறக்கினேன், ஒண்ணைத் தவற விட்டுட்டேன். மனசு பூரா இவளைக் காட்டிக் கொடுக்கவா வேண்டாமாங்கிறதிலேயே கிடந்தது. மெஷின் அந்த ஆணியில் ஏறினதும் சிர்ருன்னு ஒரு பொறி. பொறி பறந்து, மெஷினோட தூசி சேருற துணிப் பைக்குள் போனதை நான் கவனிக்கலை. சத்தத்தில் ஒண்ணும் கேக்காது, முகத்தில் துணி கட்டியிருந்ததால் வாசமும் தெரியலை.

எப்படி வந்தாள்னு தெரியலை. செல்லத்தாய் சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினோடு சேர்த்துப் பையின் மேல் ஒரு வாளித் தண்ணியைக் கவுத்தினாள். உஸ்ஸுன்னு புகை கிளம்பினப்பதான் எனக்கு விசயமே புரிஞ்சது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பையும் பத்தியிருக்கும், பலகையும் பத்தியிருக்கும், எதிர்க்க இருந்த ஜன்னல் திரையும் பத்தியிருக்கும். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாங்க. புகையைப் பார்த்தாங்க, வெறும் மரத்தில் தண்ணி ஓடுறதைப் பார்த்தாங்க, கடியாரத்தைப் பார்த்தாங்க. "நாலு மணிக்கு நிறை வாளியோட உனக்கு மாடியில என்னடி வேலை?" என்றாங்க. செல்லத்தாய் ஒண்ணையும் மறைக்கலை. தினமும் கழுவினதை, அதைப் பார்த்துட்டு நான் பொய் சொன்னதை, எல்லாத்தையும் சொல்லிட்டாள்.

அம்மா என் பக்கம் திரும்பி, "ஓஹோ, இதுதான் அந்த ஈரக் காத்தா?" என்றாங்க. நான் உப்புத்தாளைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவங்களுக்குக் கோபமா, நன்றியா, எதுன்னு அவங்க முகத்துக்கே தெரியலை. கடைசியில் கேட்டாங்க: "இவ தரையைக் கெடுத்தவளா, வீட்டைக் காப்பாத்துனவளா? ரெண்டுல எதுக்குய்யா நான் இவளைப் பேச?"

மறுபடியும் சொட்டு

ரெண்டுல எதுக்கும் அவங்க பேசலை. செல்லத்தாய் அங்கேயே இருக்கிறாள். தரை நல்லாக் காயிற வரைக்கும் நான் தொடலை. அப்புறம்தான் தேய்ச்சு, மூணு பூச்சுப் போட்டேன். மாடியறை வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தளம் ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. "சாயங்காலம் இதை மட்டும் கழுவு, எம்புட்டு வேணாலும் ஊத்து. உள்ளே ஈரத் துணிகூடப் போகப்படாது" என்று அம்மா சொல்லிட்டாங்க. அதைக் கழுவி, அந்த ஈரத்தில் மிதிச்சுத்தான் இப்பவும் அவள் வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

ஆறு மாசம் கழிச்சு, எப்படி இருக்குன்னு பார்க்கப் போனேன். அம்மா ஒரு பக்கம், செல்லத்தாய் ஒரு பக்கம் நின்னாங்க. சொட்டு விட்டேன். உருண்டையா நின்னது. எனக்குப் பெருமை தாங்கலை. "பாத்தியா தாயி, சொட்டு நிக்குது. தரை பத்திரமா இருக்கு" என்றேன். அவள் குனிஞ்சு அந்தச் சொட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சந்தேகத்தோட கேட்டாள்: "ஒரு சொட்டுக்கே இம்புட்டுப் பத்திரம்னா, நான் வாளி வாளியா ஊத்துனப்ப எம்புட்டுப் பத்திரமா இருந்திருக்கும்ணே?"

எந்தத் தரையை எப்போ தேய்க்கணும்னு இப்பவும் ஒரு சொட்டை வச்சே சொல்லிருவேன், ஆனால் மெஷினைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணி எங்கே இருக்குன்னு பார்க்காமல் இப்போ என் காலும் வாசலைத் தாண்ட மாட்டேங்குது.