பன்னிரண்டாவது கோடு

மாங்காட்டில் அடுக்ககம் கட்டவிருந்த காலி மனையில் அவரைச் சந்தித்தேன். தரையில் கிடக்கும் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடிப்பது அவர் வேலை. அந்த அதிர்வை இருபத்து நான்கு உணரிகள் வாங்கி, என் மடிக்கணினியில் கோடுகளாக அனுப்பும். அதில் கலக்கும் பஸ் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் நீக்கி, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்வது என் வேலை.

ஒல்லியான ஆள். அடிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றிவிட்டு, "யாரும் அசையாதீங்க!" என்று கத்துவார்.

எல்லாரும் நின்ற பிறகும் பன்னிரண்டாவது கோடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அழிக்கப் போனேன். எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் அத்த அழிக்கிற?"

"உணரி கெட்டுப்போச்சு. வெறும் இரைச்சல்."

"இப்பதான் சார் புதுசு மாத்திட்டு வந்தேன்."

சரியாக ஊன்றியிருக்க மாட்டார் என்று நானே போய்க் குனிந்தேன். பின்னாலேயே வெறுங்காலோடு வந்தவர் திடீரென்று கத்தினார்.

"அசையாத சார்! கீழ காலியா கீது!"

என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். பிறகு படுத்துக்கொண்டே கடப்பாறையை நீட்டி, நான் நின்ற இடத்தில் குத்தினார். ஒரு சாண் மண், அதற்கடியில் மட்கிய பலகை. உள்ளே விழுந்த மண்கட்டி தண்ணீரைத் தொட வெகுநேரம் ஆனது. யாரோ மூடிவிட்டுப் போன கிணறு.

போன வருஷம் ஐயப்பன்தாங்கலிலும் இப்படி நடுங்கிய ஒரு கோட்டை அழித்தேன். அங்கே சம்மட்டி அடித்தவர் இவர் இல்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இப்போது அங்கே ஐந்து மாடி. எல்லா பால்கனியிலும் துணி காய்கிறது.