மேல்வீட்டுக்காரரின் கல்லீரல்

சரக்கு முனையத்தில் எல்லோருக்கும் அவர் மேல்வீட்டுக்காரர். கிரேன் ஓட்டுபவர். காலையில் ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடும் கலர் சோடா பாட்டில்களும் கயிறு கட்டி மேலே போகும். தண்ணீர் குடித்தால் தூக்கம் வருகிறது, கலர் குடித்தால் கண் திறக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத கண்ணாடிக் கூண்டில் அந்த இனிப்புதான் துணை. குறை சொல்ல நமக்கு வாயில்லை.

சாராயத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. மனைவியின் அப்பா குடித்தே கல்லீரல் கெட்டுச் செத்தவர். “குடிச்சா அன்னைக்கே கிளம்பிடுவேன்” என்று கல்யாணத்துக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்டவருக்கு, வேலையிடத்துப் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது.

“மேல உக்காந்து குடிச்சா யாரு பாக்கப் போறாங்க?” என்றாள் மனைவி.

“சத்தியமா கலர் மட்டும்தான்.”

“எங்கப்பாவும் சத்தியம் பண்ணுவார்.”

மறுநாளே மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். முனையத்தில், “பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா, மேல்வீட்டுக்காரரே?” என்று கீழிருந்து சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டாக்டர் மட்டும் நம்பினார். “குடிக்காதவங்களுக்கும் வரும். இனிப்பு, தொப்பை, உக்காந்தே இருக்கற வேலை, இது போதும். கல்லீரல்ல சேர்ற கொழுப்பு உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டே இருக்கும். அந்தப் புகைச்சல் ரத்தக்குழாயையும் விடாது. கல்லீரல விட எனக்கு உங்க இதயத்தப் பத்திதான் பயம். உடனே பரிசோதனை பண்ணிக்குங்க. அம்மாவக் கூட்டிட்டு வாங்க, நானே எடுத்துச் சொல்றேன்.”

அவள் வரவில்லை. அவரும் பரிசோதனைக்குப் போகவில்லை. வைத்தியம் பார்த்தால் குடித்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். வீம்புக்கு வைத்தியம் ஏது? ஆளில்லாத வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கலரைத் திறந்துகொண்டு உட்காருவார். அவள் இருந்தபோது திட்டவாவது ஒரு குரல் இருந்தது. அதற்காக ஏங்கினார்.

ஒரு மத்தியானம் கிரேனில் சரக்குப் பெட்டி பாதி உயரத்தில் தொங்கும்போது நெஞ்சை அடைத்தது. இடது கை மரத்தது. பெட்டியைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் வயர்லெஸ்ஸில் ஆளைக் கூப்பிட்டார். நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி உள்ளே வந்துகொண்டிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. கட்டிலருகே வந்தவள் அவர் முகத்தின் மேல் குனிந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் மூக்கை அவர் வாயருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு வலிக்க வலிக்க, மூச்சை நீளமாக வெளியே விட்டுக் காட்டினார்.